மந்தாரக்குப்பத்தில் வெளிச்சம் அளக்கப் போனது

“கட்டடத்தின் வரைபடத்தை இறுதி செய்யும் முன், அதில் குடியிருக்கப் போகிறவர்களுடன் கலந்து பேச வேண்டும்.” எங்கள் நிறுவனக் கையேட்டின் பதினான்காம் விதி இது. அளவெடுக்கப் புறப்படும் முன் அந்த விடுதியின் கோப்பைப் புரட்டிப் பார்த்தேன். விதி மீறப்படவில்லை. அஸ்திவாரம் தோண்டும் முன்பே, அந்த மனையின் முகவரிக்கு ஒரு கேள்வித்தாள் போயிருக்கிறது. “ஆட்சேபணை எதுவும் வரவில்லை” என்று குறிப்பும் இருந்தது. காலி மனை எப்படி ஆட்சேபிக்கும்?

எங்கள் நிறுவனம் சென்னையில் பசுமைக் கட்டடங்களை வடிவமைத்துத் தரும் பொறியியல் ஆலோசனை நிறுவனம். பொதுப்பணித் துறையில் ஆயுளைக் கழித்து ஓய்வுபெற்ற என்னை, கடிதம் எழுதவும் விதி சொல்லவும் வைத்திருக்கிறார்கள். மின்சாரமும் தண்ணீரும் மிச்சம் பிடிக்கும் கட்டடத்துக்குப் புள்ளிகள் உண்டு. போதிய புள்ளிகள் சேர்ந்தால் வேறோர் அமைப்பு சான்று தரும். அதற்கான கடைசி அளவெடுப்புக்காக, மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை நெய்வேலிக்குப் புறப்பட்டோம்.

காலை 5.30. கிளாம்பாக்கத்தில் கார் ஏறினேன். பின் இருக்கையில் காவ்யா, கட்டடத்தை வடிவமைத்த இளம் பொறியாளர். மடியில் ஒரு சிறு பெட்டி, அதற்குள் வெளிச்சம் அளக்கும் கருவி. ஓட்டுநர் முருகேசனுக்கு அதன் மேலேயே கண்.

“இது வெயில அளக்குமா மேடம்?”

“வெளிச்சத்த அளக்கும்ணா.”

“மே மாசத்துல அதுக்கு மீட்டரு எதுக்கு? மண்டைல கை வெச்சா தெரியாது?”

எனக்கும் அதே ஐயம்தான்.

8.45. பண்ருட்டி. தேநீர் பதினைந்து ரூபாய். முருகேசன் முந்நூறு சொன்ன பலாப்பழத்தை இருநூற்றைம்பதுக்குப் பேசி முடித்தார். உருண்டுவிடும் என்று அதை முன் இருக்கையில் வைத்து பெல்ட்டும் போட்டுவிட்டார். காரில் பணி மூப்பு வரிசை இவ்வாறு மாற, நான் பின்னால் போனேன்.

9.50. காரின் கணக்குப்படி 168 கிலோமீட்டர் வந்து, நெய்வேலி நகரியத்துக்குள் நுழைந்தோம். அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போன்ற சாலைகள், இருபுறமும் மரங்கள், நிழலுக்குள் ஒதுங்கிய குவார்ட்டர்ஸ்கள். வழி கேட்டால் தெருப்பெயர் சொல்ல மாட்டார்கள், பிளாக் எண்தான். “எவ்ளோ நிழல் சார்!” என்று காவ்யா ஜன்னலை இறக்கினார். மந்தாரக்குப்பம் வந்ததும் நிழல் முடிந்தது. கடைகளும் வாடகை வீடுகளும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. காவ்யா ஜன்னலை ஏற்றிவிட்டார்.

10.30. எங்கள் கட்டடம். சுரங்கத்தில் வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் தங்கும் மூன்று மாடி விடுதி. பகலில் விளக்கே வேண்டாம் என்று அறைக்கு அறை ஆளுயர ஜன்னல் வைத்திருந்தார் காவ்யா. அத்தனை ஜன்னலும் அடைபட்டுக் கிடந்தது. சிமெண்ட் சாக்கு, கிழிந்த போர்வை, மஞ்சள் நீராட்டு விழா பேனர். இரண்டாம் மாடியில், தேர்தலில் தோற்ற வேட்பாளர் ஒருவர் பேனரிலிருந்து கைகூப்பி வரவேற்றார்.

“சார்... அந்த ஜன்னலெல்லாம் என்னோட எட்டுப் புள்ளி சார்,” என்றார் காவ்யா.

உரிமையாளர் பிலோமினா அம்மா வாசலுக்கு வந்தார். கணவர் சுரங்கத்தில் பர்மனென்ட் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வந்ததையெல்லாம் இந்த மூன்று மாடியில் போட்டிருக்கிறார்கள். தொழிலாளர்களை வைத்திருக்கும் ஒப்பந்த நிறுவனம், பசுமைச் சான்று இருந்தால் விடுதி முழுவதையும் ஐந்தாண்டுக்கு எடுத்துக்கொள்ளும். சான்று இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

“வாங்கய்யா, வாம்மா. கொஞ்சம் மெதுவா பேசுங்க. புள்ளைங்க தூங்குதுங்க.”

பிள்ளைகள் என்றால் மீசை வைத்த நாற்பது பேர்.

முதல் மாடி அறையில் கருவியை நீட்டினோம். மூன்று என்று காட்டியது. சான்றுக்கு நூறைத் தாண்ட வேண்டும். ஏதோ நினைப்பில் காவ்யா சாக்கின் ஒரு முனையை இழுத்தார். அது மொத்தமாகக் கழன்று விழ, மே மாதச் சூரியன் முழுதாக உள்ளே வந்தது. பாயில் கிடந்த ஆறு பேரில் ஒருவர் எழுந்து உட்கார்ந்தார். பெயர் ஏழுமலை என்று பிறகு தெரிந்தது.

“யாருமா அது, கரண்ட்டு ஆபீஸா?”

“இல்லண்ணா. இந்த பில்டிங் டிசைன் பண்ணது நான்தான்.”

“நீதானா அது! உன்னத்தான் நாங்க ஆறு மாசமா தேடிக்கினு இருக்கோம். ஏம்மா, நாங்க இன்னா வடாமா, வெயில்ல காயப்போட?”

போர்வைகளுக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. காவ்யாவும் சிரித்துவிட்டார். ஏழுமலை சிரிக்கவில்லை.

“ராவு பத்துக்கு ஷிப்டு போயி காலைல ஆறுக்கு வர்றோங்க. அங்க கரி ஓடுற பெல்ட்டாண்ட நிக்கறப்ப கண்ணு சொக்குச்சின்னா கை போயிடும். தூங்க வுடுங்க.”

பிலோமினா அம்மா என்னைத் தனியே அழைத்தார். “ஐயா, ஒரு மணி நேரம் எல்லாத்தையும் கழட்டிடுறேன். அளந்துட்டுப் போயிடுங்க. அப்புறம் மாட்டிக்கிறோம்.”

அரசுப் பணியில் நான் பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் இந்த முறையில்தான் நடந்தன. ஆனால் ஏழுமலைக்குக் காது கூர்மை.

“ஒரு மணி நேரமா? இப்ப எங்களுக்கு நடு ராவுங்க. உங்க வூட்ல நடு ராவுல வந்து ஓட்டப் பிரிச்சா சும்மா இருப்பீங்களா? கழட்டுனா இன்னிக்கே மூட்டையக் கட்டிக்கினு போயிடுவோம்.”

படிவத்தின் கடைசி வரியை நான் வாசித்துக் காட்டினேன்: “அறை வழக்கமான பயன்பாட்டில் இருந்தபோது அளக்கப்பட்டது.” அதன் கீழே பொறியாளர் கையெழுத்து. காவ்யா படிவத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“கையெழுத்து என்னோடது சார். மூணுன்னே எழுதிக்கலாம்.”

“அப்ப எனக்கு சான்று?” என்றார் பிலோமினா அம்மா. அதுவரை தணிந்திருந்த அவர் குரல் உயர்ந்தது. பதில் சொல்ல வேண்டிய முறை எனக்கு வந்தது. சான்று தரும் அமைப்புக்கு விளக்கம் கோரி எழுதலாம் என்றேன். விதியில் வழியில்லாதபோது விளக்கம் கோருவதுதான் விதி. மாடிப்படியில் உட்கார்ந்தே எழுதினேன்: “இரவுப் பணியாளர் உறங்கும் அறைக்கு நண்பகல் என்பது பகலா, இரவா என்று தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.” காவ்யா எல்லா ஜன்னல்களையும் உள்ளபடியே படமெடுத்து இணைத்தார். இறங்கி வருமுன் அவரே நாற்காலி போட்டு ஏறி அந்தச் சாக்கைத் திரும்ப மாட்டினார்.

பிற்பகல் 1.15. திரும்பினோம். காரெல்லாம் பலா மணம். சென்னை வீட்டில் மதியச் சாப்பாடு ஆனதும் நான் திரையை இழுத்துவிட்டு இரண்டு மணி நேரம் தூங்குகிறவன். எந்தக் கருவியும் என் அறைக்குள் வந்ததில்லை. முந்தைய இரவு எங்கும் வேலைக்குப் போகாத ஆளுக்குப் பகலை மறைக்க இவ்வளவு உரிமை, அதற்கு ஓய்வூதியம் வேறு. இது எந்த விதியில் வருகிறது என்று விழுப்புரம் வரை யோசித்தேன். தெரியவில்லை.

நினைவூட்டல் ஒன்று, இரண்டு, மூன்று என்று அனுப்பினேன். அந்த ஒப்பந்த நிறுவனமும் எப்படியோ பொறுத்திருந்தது. கடைசியில் பதில் வந்தது. பகலில் உறங்கும் அறைகளுக்கு வெளிச்சப் புள்ளி கிடையாது. எனினும், படங்களில் காணும் சாக்குகளும் பேனர்களும் கழிவுப் பொருள் மறுபயன்பாட்டில் ஏற்கப்படுகின்றன. புள்ளிகள் போதுமானவை. சான்று வழங்கப்படும். சான்றுக்காலம் முடியும்வரை அவற்றை அகற்றக் கூடாது.

தொலைபேசியில் படித்துக் காட்டினேன். பிலோமினா அம்மா முதலில் ஆண்டவருக்கு நன்றி சொன்னார். பிறகு பதறினார்.

“ஐயோ, கறுப்புத் துணி வாங்கி எல்லா ஜன்னலுக்கும் தெச்சு வெச்சிட்டேனே! மாட்டக் கூடாதா?”

புதுத் துணி கழிவாகாது, வேண்டுமானால் இன்னொரு விளக்கம் கோரலாம் என்றேன்.

“வேணாங்கய்யா. உங்களுக்குக் கோடிப் புண்ணியம். நீங்க எழுதிடாதீங்க.”

கோப்பை மூடும் முன், மே மாதம் கேட்ட கேள்விக்கு வந்த பதிலின் மேல் முத்திரை குத்தி, கிடைத்த தேதியை எழுதினேன்: நவம்பர் 17.