மூன்றடி

பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் தேயிலைத் தோட்டத்தில் அசையாமல் நிற்கிற எல்லாவற்றுக்கும் வெள்ளை அடித்துவிடுவோம். காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக் கல், பாதையோர மரம், கொடிக்கம்பம், எதுவும் தப்பாது. எங்கள் தோட்டத்து மாடுகள் நடமாடியதால் பிழைத்தன.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு, வெள்ளைக்காரத் துரைமார் குளித்த கிளப் நீச்சல் குளத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாருக்கும் திறந்தார்கள். கிளாக்கரான என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். பதுளையிலிருந்து சுகாதாரப் பரிசோதகர் வந்து, இன்னின்னது இருந்தால்தான் திறக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கரையில் நீளமான மூங்கில் ஒன்று, காற்றடித்த லொறி டியூப், நீந்தத் தெரிந்த காவலாள், குளத்து விளிம்பில் எத்தனை அடி ஆழம் என்று கறுப்புப் பெயின்டில் இலக்கம். அத்தனையும் செய்தேன். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வருவதாகத் தகவல் வந்தது. சனிக்கிழமை இரண்டு பேரைப் பிடித்து, குளத்தைச் சுற்றி ஒரு இடம் விடாமல் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். சொன்னபடியே அடித்தார்கள். ஆழ இலக்கங்கள் சுண்ணாம்புக்கு உள்ளே போய்விட்டன. சாயங்காலம் பார்த்தேன். காயட்டும், திங்கள் காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் குளத்தையும் வழக்கம்போலத் திறந்தேன். அன்று பார்த்து அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து என் மனைவியின் தம்பி வந்திருந்தான். ஆற்றில் குதித்துப் பழகியவன், இந்தக் குளத்துக்குப் புதியவன். வெள்ளிக்கிழமை மழையில் குளத்துக்கு வரும் ஓடைத் தண்ணீர் கலங்கி வந்திருந்ததால் அடி தெரியவில்லை. “மச்சான், இங்க பாருங்க” என்றவன் தலைகுப்புறப் பாய்ந்தான். அந்த இடம் மூன்றடி.

கதவொன்றைக் கழற்றி அதில் கிடத்தி, கொழுந்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கழுத்து எலும்பு முறிந்திருந்தது. உயிருக்குப் பயமில்லை, ஆனால் கழுத்து இனித் திரும்பாது என்றார் டாக்டர்.

அன்று பொழுது சாய்வதற்குள் தோட்டத்துக்குத் திரும்பி, பெயின்ட் டின்னைத் திறந்து இலக்கங்களை எழுதினேன். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். பயந்துதான் செய்தேன், அதற்கு வேறு பெயர் வைக்க விரும்பவில்லை. பெரியவர் திங்கட்கிழமை வந்து, குளம் பளிச்சென்று இருப்பதாகப் பாராட்டிவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை விசாரிக்க வந்த பரிசோதகர் இலக்கங்களைப் பார்த்துவிட்டு, குதித்தவனின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவன் கேட்டது ஒன்றுதான்.

“நம்பர் போட்டிருந்துச்சா மச்சான்?”

“போட்டிருந்துச்சு” என்றேன்.

பிறகு அவன் கல்யாணம் செய்து, இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பனானான். ஒரு தடவை அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஆற்றுக்குப் போகக் கிளம்பிய பிள்ளைகளை நிறுத்தி, எழுதியிருந்த இலக்கத்தைப் பார்க்காமல் அப்பா குதித்ததால் வந்த வினை இது, தப்பு முழுக்க அப்பாமேல்தான் என்று சொன்னான். தலையை மட்டும் திருப்ப முடியாததால் உடம்பு முழுவதையும் என் பக்கம் திருப்பினான்.

“இல்லையா மச்சான்?”

பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்றேன்.