வெண்கட்டியால் எழுதிய எண்

ஒரு வெண்கட்டித் துண்டால் என் காதுகளை நானே கெடுத்துக்கொண்டேன். காதுக்குள் விட்டுக் குடையவில்லை. அவ்வளவு புத்தியாவது இருந்தது. கரும்பலகையில் எழுதினேன், அவ்வளவுதான்.

மன்னாரில் கீரிக் கடற்கரைக்குப் போகும் வழியில் இருந்த ஐஸ் தொழிற்சாலையில் அத்தானும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அக்காவை அவருக்குக் கொடுத்ததை எப்படியோ பொறுத்துக்கொண்டேன். பொறியியலாளர் ஒலிமானியையும் அவரிடமே கொடுத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. குருவானவர் கோயிலில் நற்கருணைக் கதிர்ப்பாத்திரத்தை ஏந்துவதுபோல அந்தச் சின்னக் கருவியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தினமும் காலையில் கொம்பிரசர் அறையைச் சுற்றிவருவார். பிறகு சத்தத்தின் அளவை வாசலில் தொங்கிய கரும்பலகையில் எழுதுவார். எண்பத்தைந்து டெசிபலைத் தாண்டினால் காதுக்கு ஆபத்து என்பது அவருடைய வேதம். “காதை மூடிக்கொண்டு உள்ளுக்குப் போங்கோ. போன காது திரும்பி வராது. உனக்கும் சேத்துத்தான் மச்சான்!” என்று காதுக்கவசத்தை நீட்டுவார். நாலு புத்தகம் படித்தவன் நான். அவர் எனக்குப் படிப்பிப்பதா?

அவர் அந்தப் பக்கம் போனதும் பலகையில் இருந்த 97ஐ 77 ஆக்குவேன். ஒன்பதின் வயிற்றைத் துடைத்துவிட்டு ஒரு கோடு இழுத்தால் போதும். அவருடைய கருவிக்கு அங்கே வேலையில்லை என்று பொறியியலாளர் நினைக்கவேண்டும் என்பது திட்டம். மற்றவர்கள் கவசத்தோடு போனார்கள். நான் மட்டும் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு என் எழுபத்தேழுக்குள் நுழைந்தேன். பொய்யை எழுதிய கைக்குச் சொந்தக்காரனே அதை நம்பவும் செய்தான். மன்னாரில் கழுதைகளுக்கு என்றைக்குமே குறைவிருந்ததில்லை. வேலை முடிந்தால் காதுக்குள் வண்டு இரையும், விடிந்தால் நின்றுவிடும். ஒருநாள் விடிந்தும் நிற்கவில்லை.

இப்போது கோயிலில் நடுப்பூசை மணி எனக்குக் கேட்பதில்லை. அத்தான் முழந்தாளிடுவதைப் பார்த்து நானும் முழந்தாளிடுகிறேன். என்னைவிட ஆறு வயது மூத்த மனிதர், நுளம்பு கடிக்க வருவதைக் கேட்டே கையை ஓங்குகிறார். அவருக்குக் கேட்கும் அந்த நுளம்பின்மேல் எனக்கு எவ்வளவு ஆசை!

போன மாதம் காதுப் பரிசோதனைக்கு அவர்தான் கூட்டிப்போனார். டொக்டர் சொல்வதை எனக்கு உரக்கத் திருப்பிச் சொல்ல ஓராள் வேண்டுமே. ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்தபடி வெண்கட்டிக் கதை முழுவதையும் ஒப்புக்கொண்டேன். பாவசங்கீர்த்தனத்துக்குக்கூட நான் இவ்வளவு ஆயத்தம் செய்ததில்லை. அவர் வாய் அசைந்தது.

“என்ன சொன்னீங்கள் அத்தான்?”

வாங்கில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்:

“எனக்கு அப்பவே தெரியும்! இன்ஜினியருக்கு நான் கொப்பியில எழுதிக் குடுத்தனான். அந்தப் பலகையை ஒருத்தரும் பாக்கிறேல்லையடா, உன்னைத் தவிர!”