பத்தாவது புகை

பெங்களூரில் புகையைக் குறைப்பதற்குச் சம்பளம் வாங்கும் அதிகாரிகள் பலர். புகையைக் கூட்டுவதற்குச் சம்பளம் வாங்கியவர், 2003-இல் எனக்குத் தெரிந்து, ஸ்ரீராம்புரம் பிரகாஷ் ஒருவர்தான். அல்சூரில் ஒரு மிட்டாய்க் கடையின் மேல்மாடியில் இருந்த கிராபிக்ஸ் கம்பெனியில், சினிமாவுக்குக் கம்ப்யூட்டரில் புகை போடுவது அவர் உத்தியோகம். அதுவும் தற்காலிகம். குடோன் தீப்பிடிக்கும் காட்சிக்கு அவர் போடும் புகை சனிக்கிழமைக்குள் டைரக்டருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் மறுபடி மாமாவின் லேத் பட்டறை.

வியாழக்கிழமைக்குள் ஒன்பது புகைகள் திரும்பி வந்துவிட்டன. அடர்த்தியைக் கூட்டினால், "சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி இருக்கு" என்றார் டைரக்டர். குறைத்தால், "இட்லி வேகுதா?" என்றார்.

மேற்பார்வையாளர் ஸ்னேஹா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பிரகாஷ், குடோன்ல என்ன எரியுது?"

"நெருப்பு மேடம்."

"அய்யோ ராமா! உள்ள என்ன சரக்கு?"

டைரக்டருக்குப் போன் போட்டார்கள். "குடோன்னா குடோன்தான். உள்ள என்ன இருந்தா உங்களுக்கென்ன?" என்றார் அந்த மேதை. ஒன்பது தடவையும் காலிக் குடோனைத்தான் எரித்திருக்கிறோம் என்ற ஞானம் பிரகாஷுக்கு அப்போதுதான் பிறந்தது.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் வாசலில் வெந்நீர் அடுப்பைப் பற்ற வைத்தார். அகப்பட்டதெல்லாம் அதில் எரியும். புகையைப் பார்த்தே எது எரிகிறது என்று சந்து சொல்லிவிடும். சொன்ன கையோடு சண்டைக்கும் வரும். ஈரத் தேங்காய் மட்டைக்கு மஞ்சளோடிய வெள்ளை, தடியாக. நெருப்பு பிடித்ததும் நீலம், மெல்லிசாக. திடீரென்று அடியிலிருந்து கறுப்பு சுருண்டெழுந்தது. மேலே போகப் போகப் பழுப்பாகி, ஓரங்களில் கிழிந்தது.

"இன்னா பிரகாசு, அடுப்ப மொறைக்கிற?"

"இப்ப இன்னாக்கா போட்டே?"

"ஒத்த ரப்பர் செருப்பு கெடந்துச்சு. யாருதோ."

அது தன்னுடையது என்பதைப் பிரகாஷ் பெரிதுபடுத்தவில்லை. "கிளறாதக்கா, அப்டியே உடு!" என்று குந்தி உட்கார்ந்து, கண்ணீர் வழிய வழியக் குறிப்பெடுத்தார்.

அன்றே குடோனில் தேங்காய் நாரும் ரப்பரும் மனதளவில் அடுக்கப்பட்டன. அடியில் கறுப்பு, மேலே பழுப்பு, ஓரத்தில் மெலிவு. கம்ப்யூட்டர் பதினான்கு மணி நேரம் யோசித்துப் பத்தாவது புகையை ஈன்றது.

சனிக்கிழமை அது நான்கு நொடி ஓடியது. டைரக்டர் இருமினார். பிறகு ஜன்னலைத் திறக்கச் சொன்னார். ஸ்னேஹா ஜன்னலைத் திறந்துவிட்டு, நிரந்தர வேலைக்கான கடிதத்தை அச்செடுக்கப் போனார்.

சாயங்காலம் ரத்தினம்மாளின் அடுப்பருகே ஒரு மைசூர்பாகு டப்பா வந்து இறங்கியது. பக்கத்தில் ஒற்றைச் செருப்பு.

"இது எதுக்குடா?"

"அதோட ஜோடிக்கா. பத்திரமா வெச்சிரு. அடுத்த வாரம் லாரி எரியுது."