வேலிக்குக் கால் முளைத்தால்

துடுப்பை மார்புக்குக் குறுக்கே பிடித்தபடி எங்கள் வீடுகளுக்கு நடுவே போகும் குறுகிய ஒழுங்கைக்குள் இறங்குகிறார் பக்கீர் முகைதீன். அஸர் தொழுதுவிட்டுக் கடலுக்குப் போகும்போது தினமும் இப்படித்தான். மற்றவர்கள் துடுப்பைத் தோளில் வைப்பார்கள். இவர் இரண்டு வேலிகளுக்கும் நடுவே கிடையாகக் கொண்டுபோவார். ஏதாவது வேலியில் முனை தட்டினால் நின்று, அந்த வீட்டுக் கேற்றில் துடுப்பால் தட்டுவார்.

"ஊட்டுக்காரர், ஒருக்கா வெளிய வாங்க! ஒங்கட வேலிக்குக் கால் முளைச்சிரிக்கி."

எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுத்தால்தான் கல்யாணம். வீட்டு நிலமான வளவுகள் பிரிந்து பிரிந்து சுருங்கிவிட்டன. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஏதாவதொரு வேலி ஒழுங்கைப் பக்கம் நகரும். பக்கத்து ஒழுங்கை அப்படித்தான் போனது. அதற்குள் இப்போது ஆள் சரிந்துதான் நடக்க வேண்டும். கடலுக்குப் போக எங்கள் ஒழுங்கை ஒன்றுதான் மிச்சம்.

ஆட்களை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தகரம், கிடுகு, மதில் என்று வேலியைச் சொல்லியே கூப்பிடுவார். நான் 'பூவரசு ராத்தா', பூவரசு வேலிக்கார அக்கா. எதிர்வீட்டுப் பர்ஸான்தான் 'மதில்'. 'காக்கா' என்று அண்ணன்முறை வைத்து இவரைச் சீண்டாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

"என்ன காக்கா, இந்த ஒழுங்கை ஒங்கட பொஞ்சாதிக்கு வந்த சீதனமா?"

"இல்ல மதில், இனிப் பொறக்கப்போற புள்ளைகள்ற சீதனம். அதுகள் கடலப் பாக்கப் பறந்தா போற?"

தேத்தண்ணிக்குக் கூப்பிட்டால் யார் வீட்டுக்கும் வரமாட்டார். "உள்ளுக்கு வந்து குடிச்சா, பிறகு வெளிய நிண்டு ஏச ஏலா ராத்தா" என்பார்.

இவரால் எனக்கு ஒரு நன்மை உண்டு. என் தங்கை றுமானாவுக்குப் பாரிசவாதம். மாலையில் சக்கர நாற்காலியில் அவளைக் கடற்கரைக்குத் தள்ளிப் போகிறேன். நோயாளரைப் பராமரிக்கப் பயின்றவள் நான். கடற்காற்று நோயைத் தீர்க்காது என்று தெரியும். ஆனால் படுக்கையை விட்டு எழும்ப அவளுக்கு ஒரு காரணம் வேண்டும். கிடந்தால் புண் வரும். இதுவரை வரவில்லை. பாதி என் கைவேலை, பாதி அந்தத் துடுப்பின் வேலை. அதற்காக நான் துஆ கேட்காத நாள் இல்லை.

போன மாதம் அவருடைய மகள் அஸ்னாவுக்குச் சம்பந்தம் சரிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் இன்னோர் அறை கேட்டார்கள். வளவின் ஒரு பக்கம் அவர் வலை வைக்கும் கொட்டில், மறுபக்கம் ஒழுங்கை. மேசன் வந்து, புது அறைச் சுவருக்கு ஒழுங்கைக்குள் தள்ளி அடையாள முளை அடித்துவிட்டுப் போனார். மனைவி ஹாஜறாவின் குரல் என் வளவு வரை கேட்டது.

"ஊருக்கு வழிய உட்டுட்டு மகள ஊட்டோட வெச்சிரிக்கிறயா? கொட்டில ஒடச்சா வலைய எங்க போடுற, என்ட தலையிலயா?"

அன்று மாலை தன் வீட்டடிக்கு வந்ததும் பக்கீர் முகைதீன் துடுப்பைச் சாய்த்துப் பிடித்தார். முளையில் அது தட்டவில்லை. நான் கண்டேன். மதிலும் கண்டது. அடுத்த நாளே மதிலைத் தள்ளிக் கட்டப் பர்ஸானின் கேற்றடியில் கல் வந்து இறங்கியது.

"காக்கா முதல்ல கட்டட்டும், நாம பின்னால வாறம்" என்று சிரித்தார்.

இருவரும் கட்டினால் நாற்காலி போகாது. கடலுக்கு ஊரே சுற்றித்தான் போக வேண்டும். மகளைக் கரைசேர்க்கிற மனிதரிடம் என்னத்தைக் கேட்பது?

நேற்று றுமானாவைத் தள்ளிக்கொண்டு அவருக்குப் பின்னால் போனேன். பர்ஸான் கேற்றில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். இந்த முறை துடுப்பு சாயவில்லை. முனை முளையில் 'டொக்' என்று தட்டியது. பக்கீர் முகைதீன் நின்றார். தன் கேற்றில் தானே தட்டினார்.

"ஊட்டுக்காரர், ஒருக்கா வெளிய வாங்க!"

"ஊட்டுக்காரர் வெளியதானே நிக்காரு! பைத்தியமா ஒங்களுக்கு?" என்றாள் உள்ளேயிருந்து ஹாஜறா. றுமானா வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தாள். பர்ஸான் சிரிக்கவில்லை.

"பிடிங்க தங்கச்சி" என்று துடுப்பை றுமானாவின் மடியில் குறுக்கே வைத்தார். கேற்றைத் திறந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது வீட்டுக்காரராக வந்தார். ஒழுங்கையில் குனிந்து முளையைப் பிடுங்கினார். அதைக் கொண்டுபோய், வலைக் கொட்டிலின் நடுவில் ஊன்றி, ஒரு கல்லை எடுத்து அடிக்கத் தொடங்கினார்.