மெஷினுக்குச் சாப்பாட்டு நேரம்

ஊரில் ஒரு பேச்சு உலவியது. புத்தாக்க மையத்தில் இருக்கிற மெஷின் மத்தியானம் சாப்பிடுகிறதாம். மையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் அடித்துச் சொன்னார்: "சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் கண்ணசருது சார். அந்த நேரத்துல எது கேட்டாலும் 'பராமரிப்பு நடக்கிறது'ன்னு வரும்."

மெஷின் என்றால் போர்வைக்கும் திரைச்சீலைக்கும் டிசைன் வரைகிற மெஷின். வேண்டியதைத் தட்டினால் திரையில் ஒரு வட்டம் சுற்றும், பிறகு டிசைன் வந்துவிடும். வாசல் பலகையில் 'கற்பனையும் தொழில்நுட்பமும் கைகோக்கும் இடம்' என்று எழுதியிருந்தது. நான் பத்திரிகைக்கு எழுதுகிறவன்; கைகோத்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிடலாமே என்று உள்ளே போனேன். "மஞ்சள் துணியில் மீன்" என்று தட்டினேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிளைவுட் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தும்மல் கேட்டது. அதற்கப்புறம் மீன் வந்தது. அழகான மீன்.

தூசி ஒத்துக்கொள்ளாத மாடல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சாயங்காலம் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றேன். தும்மல் பின்பக்க வழியாக, தோளில் சாப்பாட்டுப் பையோடு வந்தது. கடைக்காரர் அவளை 'மெஷின் அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்.

அக்கா முன்பு போர்வை ஆலையில் டிசைன் வரைந்தவள். கிடங்கில் மூட்டை தூக்கின கணவருக்கு முதுகு போய்விட்டதால், வீட்டில் சம்பளம் என்று வந்தது இவளுடையது மட்டும்தான். ஒருநாள் முதலாளி கூப்பிட்டு, "மையத்துல மெஷின் வந்திருக்கும்மா, இனிமே டிசைன் அங்கேயே வாங்கிக்கிறோம்" என்று அனுப்பிவிட்டார். கொஞ்ச நாளில் மையத்தின் இயக்குநரே ஆள்விட்டுத் தேடினார். மெஷின் வந்துவிட்டது, வரையத்தான் தெரியவில்லை. "அது கத்துக்கிற வரைக்கும் நீங்க கொஞ்சம் கைகொடுங்க." ஆக, எந்த மெஷின் அவள் வேலையைப் பறித்ததோ அதே மெஷினாக அவளே வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளம் மட்டும் குறைவு. மெஷினுக்கு எதற்கு அவ்வளவு?

"எழுதிடாதீங்க சார்" என்றாள். "அடுத்த வாரம் முதலீடு போடறவங்க வர்றாங்க. நல்லபடியா முடிஞ்சா என்னை நிரந்தரம் பண்றேன்னு சொல்லியிருக்காரு. வீட்ல மருந்து வாங்கவாவது நம்பி இருக்கலாம்."

"முடியலைன்னா?"

"வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும்."

பேனாவை மூடிக்கொண்டேன். மற்றதெல்லாம் பிறகு அவள் சொன்னது.

முதலீட்டாளர்கள் வந்த அன்று பழைய முதலாளியும் கூட வந்திருந்தார். டீ கொண்டுவர வேண்டிய ஆள் வரவில்லை. இயக்குநர் பின்னறைக்கு ஓடிவந்து, "அக்கா, உங்க ஃபிளாஸ்க்கைக் கொடுங்க, இதோ தந்துடறேன்" என்று பிடுங்கிக்கொண்டு போனார். ஃபிளாஸ்க் அவளுடையதல்ல, நாத்தனாருடையது. அதைச் சொல்வதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது.

"இந்தப் பகுதியோட பொருளாதார எதிர்காலம் முழுக்க இந்தச் சுவருக்குப் பின்னாடி இருக்கு" என்று இயக்குநர் பிளைவுட்டைத் தட்டினார். தட்டின அதிர்வில், உள்ளே எதிர்காலத்தின் கை கோணிப்போய் ஒரு கோடு வீணானது. அழித்துவிட்டு அவசரமாக வரைந்ததில், பழைய பழக்கம் வந்துவிட்டது: கொத்துக்கு ஓர் இலையை நுனி மடித்துப் போடுவது. மடிந்த பக்கத்துக்குத் தனியாக ஒரு நிறம் வேண்டும், செலவு என்று ஆலையில் முதலாளி இதற்காக எத்தனையோ முறை கத்தியிருக்கிறார். டிசைன் திரைக்குப் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பார்த்ததும் யார் கை என்று கண்டுபிடித்துவிடுவார். நிரந்தரம் காலி, மையம் காலி. பிளைவுட்டில் காதை வைத்தாள்.

"ஆகா!" என்றார் முதலாளி. "இலையை மடிச்சிருக்கு பாருங்க! மனுஷனுக்குத் தோணுமா இது? எங்கிட்டயும் ஒருத்தி இருந்தா. வருஷக்கணக்கா வரைஞ்சா. கற்பனைன்னா என்னன்னு கேட்பா."

சிரிப்பதா அழுவதா என்று யோசிக்கக்கூட நேரமில்லை. அடுத்த உத்தரவு வந்துவிட்டது: 'இன்னும் நிறைய மடிந்த இலைகள்.' மடித்தாள். முன்னறையில் கைதட்டினார்கள்.

முதலீடு வந்தது. அந்தப் பணத்தில், நிஜமாகவே வரையத் தெரிந்த மென்பொருள் ஒன்றை வாங்கினார்கள். அது படித்துப் பழக, அவள் அதுவரை வரைந்த அத்தனையையும் ஊட்டினார்கள். எல்லாம் ஊட்டி முடிந்ததும் இயக்குநர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அதுவரை அந்த அறையில் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

"உங்க கை முழுசா அதுக்குள்ள போயிடுச்சுக்கா. இனிமே அதுக்குள்ள நீங்க நிரந்தரம்."

"வெளிய?"

"வெளிய எதுக்கு?"

வாசலுக்கு இப்போது முகம் பார்த்துத் திறக்கும் கதவு போட்டிருக்கிறார்கள். அன்று போனது திரும்பியே வராத ஃபிளாஸ்க்கைக் கேட்க அவள் போனபோது, 'பதிவில் இல்லாத முகம்' என்று சொல்லிவிட்டு அது சும்மா நின்றது. அதுவரை அவள் போய்வந்ததெல்லாம் பின்பக்கக் கதவு. அதை அடைத்துவிட்டார்கள்.

மெஷின் மேல் அவளுக்குக் கோபமில்லை. அவளைப்போலவேதான் வரைகிறது, என்ன, ஒரு இலையைக்கூட விடாமல் மடிக்கிறது. முதலாளியும் கூடுதல் நிறத்துக்குக் காசு கொடுத்து, மடித்ததையெல்லாம் அச்சடிக்கிறார். அக்கா இப்போது ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போடுகிறாள். சம்பளம் அன்றன்றைக்கு. கணவருக்கு மருந்தும் அப்படியே.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கணவர் சுவரில் சாய்ந்தபடி, "வாங்க" என்றார். உள்ளேயிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"சாருக்கு டீ போட்டாச்சா அண்ணி?"

"இதோ."

"ஊத்தி வைக்க ஃபிளாஸ்க் இருந்தா நல்லாயிருக்கும். இருந்துச்சு ஒண்ணு."

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு அந்தக் கதவு திறக்குமே, முன்வாசல் வழியாக ஒருமுறை வந்துபோனவர்கள் முகமெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. மறுநாள் போய்க் கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு நான் சொன்னது புரியவில்லை. இயக்குநர் வெளிநாட்டில் இருக்கிறாராம். "எந்த மாதிரி வேணும்னு இதுல தட்டுங்க சார்" என்று மெஷினைக் காட்டினாள். தட்டினேன். வட்டம் சுற்றவேயில்லை, உடனே வந்துவிட்டது. சிவப்பு ஃபிளாஸ்க், உடம்பு முழுக்கக் கொடி, எல்லா இலையும் மடிந்து. அச்செடுத்தும் கொடுத்தாள்.

அக்காவிடம் அதை நீட்டினேன். லேமினேஷன் மெஷினை நிறுத்திவிட்டு, இலைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லாயிருக்கு" என்றாள். "நாத்தனார்கிட்ட என்ன சார் சொல்றது?"