கினிப்பன்றிக்குத் துணை

ஒரகடத்திலிருந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் திருநெல்வேலிக்காரர் மிகவும் ஒல்லி. ஏறியதும் தன் விரல்களை முகர்ந்து பார்ப்பார். அறையில் அவர் வளர்க்கும் கினிப்பன்றிக்குச் சொறி. அதற்குப் பூசும் மருந்தின் வாசம் போகவே இல்லை என்பார்.

"இன்னாபா, கொறஞ்சுதா?" என்றேன் ஒருநாள்.

"முடி இன்னும் கொட்டுது அண்ணே. தனியா கெடந்தா ஏங்கிரும், ஜோடி வேணும்னு வாலாஜாபாத் டாக்டர் சொல்லுதாரு. ஆனா சொறி ஆறாம சேத்தா அதுக்கும் ஒட்டிக்கிடுமாம்."

அதனால் அவரும் அறை நண்பர்கள் இருவரும் சூப்பர்வைசரைக் கெஞ்சி, ஆளுக்கொரு ஷிப்ட் வாங்கியிருந்தார்கள். எந்நேரமும் ஒருவர் அதற்குத் துணையாக இருக்கலாமே.

"நல்ல ஐடியாதான்!"

"எங்க அண்ணே? வேலைய முடிச்சு வாரவன் வுழுந்து தூங்கிருதான். அது கூண்டுக் கம்பியைப் புடிச்சிக்கிட்டு வீல் வீல்னு கூப்பிட்டுக்கிட்டே கெடக்கு. நாங்க மூணு பேரும் ஒண்ணா உக்காந்து பேசியே மூணு வாரமாச்சு."

சொல்லிக்கொண்டே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவர் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது. அங்கே அது விழித்திருக்கும். எழுப்புவதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.