அம்மனுக்கு நேர்ந்துவிட்ட வலது கை

கோவில்பட்டி செண்பகவல்லி அம்மனை நம்பியிருக்கும் அத்தனை பேருக்கும் ஒரு கடலைமிட்டாய்க்காரனின் கும்பிடு. இரண்டு கையாலும் கும்பிடுகிறேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன ஐப்பசி மழையில் கடம்பூரிலிருந்து கோவில்பட்டிக்கு வண்டியில் வந்தேன். கரிசல் சேறு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். கட்டோடு இருந்தவரை துன்பமில்லை. மனைவி பிசைந்து ஊட்டினாள், ராஜா மாதிரி இருந்தேன். கட்டைப் பிரித்த அன்றுதான் என் உயிர் போனது.

கை மெலிந்து, தோல் உரிந்து, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் போல மேசையில் கிடந்தது. விரலை மடக்கச் சொன்னார் டாக்டர். முழுப் பலத்தோடு மடக்கினேன். அதுவோ லேசாக நடுங்கியதோடு சரி. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனிப் பழக்க வேண்டும் என்றார் அவர். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் மனதுக்குள் பக்கவாதம் வரைக்கும் போய்விட்டேன்.

எங்கள் தொழிலில் வெல்லப்பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்க்க வேண்டும். அந்த விரல்களுக்கு இப்போது சட்டைப் பொத்தானே பிடிபடவில்லை. இனிப் பிழைப்பு எப்படி? உடனே ஒரு காரியம் செய்தேன். கையை மஞ்சள் துணியில் தூளி கட்டிக் கழுத்தில் மாட்டி, "தாயே, இது இனி உன் கை. நீ குணமாக்கும்வரை இதை அசைக்க மாட்டேன்" என்று நேர்ந்துகொண்டேன். பார்த்தவர்கள் பக்தி என்றார்கள். அசைத்தால் வலிக்கும் என்ற பயமும் உள்ளே பாதி இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை.

நாளாக ஆகக் கை இன்னும் மரக்கட்டையானது. மனைவி என்னை இழுத்துக்கொண்டு பிசியோதெரபி பார்க்கும் பெண்ணிடம் போனாள்.

"என்ன அண்ணாச்சி, எதுக்கு இப்படித் தொட்டில் கட்டிப் போட்டிருக்கீங்க? கை சும்மா கிடந்தா மூளை அதை மறக்க ஆரம்பிச்சிரும். மூளையில அது இருந்த இடத்துல இடது கை வந்து உக்காந்துக்கிடும்."

"அடப்பாவி! பூட்டின கடை வாசல்ல பக்கத்துக்கடைக்காரன் மூட்டையை அடுக்குத மாதிரியா?"

"அதேதான். கடையத் திறந்தா அவரு மூட்டைய எடுத்துக்கிடுவாரு. கையை அசைச்சா மூளை மறுபடியும் படிச்சுக்கிடும்."

"இவிய பேசுதது மட்டும் நிக்காது தாயி. கைக்குப் பதிலா வாயக் கட்டியிருக்கலாம்" என்றாள் மனைவி.

அவர்கள் சிரித்தார்கள். நான் மாட்டிக்கொண்டேன். அசைத்தால் அம்மன் குற்றம். அசைக்காவிட்டால் கை போய்விடும். நேரே கோவிலுக்குப் போய் சன்னதியில் நின்று, "நீயே ஒரு வழி சொல்லு தாயே" என்று அழுதேன்.

குருக்கள் குங்குமத் தட்டோடு வந்தார். இடது கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"வலது கையை நீட்டுங்க அண்ணாச்சி."

"அது அம்மனுக்கு நேர்ந்துவிட்டது சாமி."

"அப்போ அம்மன்கிட்ட நீட்டாம வேற யார்கிட்ட நீட்டப் போறீங்க?"

துணியை அவிழ்த்தேன். உள்ளங்கை மேலே பார்க்க மறுத்தது. பல்லைக் கடித்துத் திருப்பினேன், பாதிதான் திரும்பியது. குங்குமம் சரிந்து என் காலில் கொட்டியது. வலியில் கண்ணீர் வந்தது. ஆனால் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அந்த இடத்திலேயே தெரிந்தது.

அன்றிலிருந்து தினமும் வலது கையில்தான் பிரசாதம். காலையில் அந்தப் பெண் சொன்ன பயிற்சி, சாயங்காலம் சன்னதி. முதலில் உள்ளங்கை முழுதாகத் திரும்பியது. பிறகு பொத்தான் பிடிபட்டது. தை மாதம் ஒரு காலையில் தண்ணீரில் விட்ட பாகு என் விரலுக்கு நடுவே உருண்டு நின்றது. பட்டறையிலேயே ஓவென்று அழுதேன். பாகு சுட்டுவிட்டது என்று மனைவி பதறி ஓடி வந்தாள்.

முன்பெல்லாம் பாரத்தை அம்மன்மேல் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வேன். இப்போது கும்பிட்டு முடித்ததும் எழுந்து என் பங்கைச் செய்கிறேன். கட்டுப் பிரித்த கையோடோ காலோடோ யாராவது இதைப் படித்தால், பயப்படுங்கள், தப்பில்லை. நானே பயந்தாங்கொள்ளிதான். தாயை நினைத்து, பயந்துகொண்டே ஒரு விரலை அசையுங்கள். அடுத்த விரலுக்கு அவள் துணை வருவாள்.